“இந்திய டாக்டர்தானே, தையல் போடுங்கள்!”

தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கல்லூரி, ஏஜென்சி, மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களையும் நானே விட்டுவிட்டேன்.

நடந்தது இது. விடுமுறையில் ஒரு ஏஜென்சி மூலம் மூன்று வாரம் தான்சானியாவுக்குத் தன்னார்வலராகப் போயிருக்கிறார். கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய். அப்பா கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இரவு இறங்கி, தங்கும் விடுதியில் படுக்கும்போது மணி இரண்டு. காலை எட்டு மணிக்கு மோஷி நகரை அடுத்த ஒரு மருத்துவமனையின் சிறு அறுவை அறையில் நிற்கிறார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்த பன்னிரண்டு வயதுப் பையன் மேசையில் படுத்திருக்கிறான். அங்கிருந்த கிளினிக்கல் ஆபீசர் (டிப்ளமோ படித்துவிட்டு வைத்தியம் பார்ப்பவர்) தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை இவர் கையில் கொடுத்து, “நீங்கள் இந்திய டாக்டர்தானே, தையல் போடுங்கள்” என்கிறார். பையனின் தாயிடம் அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் ஏதோ சொல்கிறார். அதில் ‘டாக்டாரி’ என்பது மட்டும் இவருக்குப் புரிகிறது. ஐந்து தையல். நான்காவது தையலின்போது ஊசி கையுறையைத் துளைத்து இடது ஆட்காட்டி விரலில் ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது தையலையும் போட்டு முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய், விரலைப் பிழிந்து ரத்தம் வரவழைத்து, ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள், மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். “இங்கே டாக்டரே கிடையாது. நீங்கள் செய்வது ஒன்றுமே இல்லாததைவிட மேல்” என்றார் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர். உடன் போன இரண்டு மாணவர்கள் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஊசி குத்தியதற்கு இனி ஏதாவது செய்ய முடியுமா, தையல் போட்டது குற்றமா, மறுத்தது கோழைத்தனமா, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று கேட்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. ஜூனியர்களைச் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருவதாக அதே ஏஜென்சி சொல்கிறதாம்.

அன்புள்ள மாணவிக்கு,

உடல்நலம் தொடர்பான கேள்விகளுக்குக் காத்திருக்க வைக்காமல் உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டேன். அவற்றை இங்கே மறுபடியும் எழுதக் காரணம், விரலில் ஊசி ஏறியதை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டவர் நீங்கள் மட்டும் இல்லை என்பதுதான். அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர் கேஷுவாலிட்டியில் இரவுப் பணியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த விரல்

எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை, ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்திலேயே தொடங்கினால் மிக நல்லது; 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இப்போது எந்த மருந்துக் கடையிலும் போய் அந்த மாத்திரைகளைக் கேட்காதீர்கள்; பயனில்லை. இனி நமக்கு உள்ள வழி பரிசோதனை மட்டும்தான்.

பயத்தின் அளவைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். ‘ஆப்பிரிக்கா என்பதால் நிச்சயம் தொற்றியிருக்குமோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். தான்சானியாவில் பெரியவர்களிடையே நூறு பேரில் நான்கைந்து பேருக்கு எச்ஐவி இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அது மிகவும் குறைவு. தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும், ஆயிரம் பேரில் சராசரியாக மூன்று பேருக்குத்தான் எச்ஐவி ஒட்டுகிறது. இந்தக் கணக்கும் பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் துளையுள்ள ஊசிகளை வைத்துப் போட்டது. உங்களைக் குத்தியது துளையில்லாத தையல் ஊசி. அதுவும் கையுறையைத் தாண்டி வந்திருக்கிறது. இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள், தூக்கம் வரும்.

நான் உண்மையில் கவலைப்படுவது ஹெபடைடிஸ் பி பற்றித்தான். தடுப்பூசி போடாதவருக்கு அது ஒட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. முதலாண்டில் மூன்று ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அது உடலில் பிடித்ததா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனையைச் செய்துகொள்ளவில்லை. பெரும்பாலான மாணவர்கள் செய்துகொள்வதில்லை. இந்த வாரமே செய்யுங்கள். ரிப்போர்ட்டில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கவலை ஒழிந்தது. குறைவாக இருந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. வந்தால் மாத்திரையாலேயே குணப்படுத்திவிடும் காலம் இது. அதற்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஸ்பிரிட் பற்றியும் ஒரு வார்த்தை. பிழிவதும், ஸ்பிரிட் ஊற்றுவதும், விரலை வாயில் வைப்பதும் தேவையில்லாத வேலை. பிழிவதால் கிருமி வெளியேறுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. திசு நசுங்குவதுதான் மிச்சம். ஓடும் தண்ணீர், சோப்பு, அவ்வளவுதான். அதன் பிறகு, அறையில் யார் மூத்தவரோ அவரிடம் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் சொல்லியிருந்தால், தாயின் சம்மதத்தோடு பையனின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அரை மணி நேரத்துக்குள் முடிவைப் பார்த்திருப்பார்கள். எச்ஐவி மருந்துகள் அந்த நாட்டு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவைதான்.

பரிசோதனைக்கு எங்கே போவது?

கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிறீர்கள். எச்ஐவி ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் என்றே அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் பேசுவார், முடிவு உங்கள் கையில் மட்டும் வரும். வழி தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். இப்போது ஒன்று, ஊசி குத்திய ஆறாவது வாரம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. ஆறாம் மாதத்தோடு கணக்கை முடித்துவிடலாம். அதுவரை ரத்ததானம் வேண்டாம். தாம்பத்திய உறவு இருந்தால் ஆணுறை அவசியம்.

எச்ஐவி தொடர்பாக 2017-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ முடிவை வெளியிடவோ கூடாது; அதைக் காரணம் காட்டிக் கல்லூரியில் படிப்பை மறுக்கவும் கூடாது. தொற்று அபாயம் உள்ள பணியிடம் ஒவ்வொன்றும் பாதுகாப்புப் பொருட்களையும் தடுப்பு மருந்தையும் தந்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாளை உங்கள் கல்லூரி வார்டிலேயே ஊசி குத்தினால் இதைச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. அந்த ஊரிலிருந்து எழுதுபவனுக்கு, ஒரு மருத்துவ மாணவி இன்னமும் ஒளிந்துகொண்டு பரிசோதனை செய்ய நினைப்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

நிறுத்திய மாத்திரை

மலேரியாத் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உடனே தொலைபேசியை எடுக்க வைத்த வரி அதுதான். அந்த மாத்திரையை, மலேரியாப் பகுதியிலிருந்து கிளம்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். கல்லீரலில் தங்கியிருக்கும் ஒட்டுண்ணியை அது கொல்லாது; ரத்தத்துக்கு வரும்போதுதான் பிடிக்கும். கடைசிக் கொசு கடித்த நாளைத்தான் கணக்கில் வைக்க வேண்டும், வீடு வந்து சேர்ந்த நாளை இல்லை. விட்டுப்போனதை இப்போது தொடர்வதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். அடுத்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்தால், ‘வைரல் ஃபீவர்’ என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே மலேரியா பரிசோதனை. ‘தான்சானியாவிலிருந்து வந்தேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை. மூளையைத் தாக்க அதற்கு இரண்டு நாள் போதும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள். அது சரி. அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், ஆயுள் முழுக்கச் செல்லும்.

தையல் போட்டது குற்றமா?

நோயாளியின் மேல்தான் மருத்துவம் கற்கிறோம், வேறு வழியில்லை. நீங்கள் முதுநிலை படிக்கும்போதும் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை உங்கள் முதல் முயற்சிக்குத் தரத்தான் போகிறாள். அதனால் மாணவியின் கை ஊசி பிடித்ததை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாய்க்கு உண்மை தெரியாததுதான் உறுத்துகிறது. ‘இவள் மாணவி, முதல் முறை தைக்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன், உனக்குச் சம்மதமா’ என்று கேட்டிருந்தால் அவள் சரி என்றிருக்கலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம். அந்தத் தேர்வை அவளிடமிருந்து பறித்ததில் கிளினிக்கல் ஆபீசருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. ‘டாக்டாரி’ காதில் விழுந்தபோது, இல்லை என்று தலையை ஆட்டியிருக்கலாம் அல்லவா? ‘மிமி நி ம்வானாஃபுன்ஸி’ — நான் ஒரு மாணவி. சுவாஹிலியில் வேறு எதுவும் தெரியாமல் போனாலும் இந்த ஒரு வாக்கியத்தை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் தையல் எண்ணிக்கை இருக்கிறது, நூலின் எண் இருக்கிறது, முடிச்சு எப்படி விழுந்தது என்பதுகூட இருக்கிறது. ரோட்டுப் புழுதி படிந்த அந்தக் காயத்தைச் சலைன் ஊற்றிக் கழுவினார்களா, பையனுக்கு டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டார்களா என்பது இல்லை. காலில் கிழிந்த காயம் ஆறுவதும் சீழ் பிடிப்பதும் பெரும்பாலும் கழுவலில் இருக்கிறது. தையல் அதற்கு அடுத்ததுதான். இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இரண்டு மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு மேசை முன் நிற்பவருக்குக் கண்ணில் ஊசி மட்டும்தான் தெரியும். ஊசி விரலில் ஏறியதும் அதனால்தான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் விரலில் ஏறி இறங்கிய அதே ஊசியால்தானே ஐந்தாவது தையலைப் போட்டீர்கள்? கையுறையை மாற்றியதாகவும் எழுதவில்லை. அப்படியானால் உங்கள் ரத்தமும் அந்தப் பையனின் காயத்துக்குள் போயிருக்கலாம். இத்தனை நாளும் ‘எனக்கு என்ன ஆகும்’ என்று மட்டுமே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அவன் பக்கத்திலும் அதே கணக்கு இருக்கிறது. அதனால் இப்போது செய்யும் முதல் பரிசோதனை அவனுக்காகவும்தான். உங்களுக்கு ஏற்கனவே எந்தத் தொற்றும் இல்லை என்று வந்தால் அவனைப் பற்றிய கவலையும் தீர்ந்தது. இருப்பதாக வந்தால் அந்த மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எப்படித் தெரிவிப்பது என்பதற்கு நானே உதவுகிறேன். எப்படியிருந்தாலும் அங்கே ஒரு கடிதம் போக வேண்டும்: இன்ன தேதியில், இன்ன நோயாளிக்குத் தைக்கும்போது ஊசி குத்தியது, சொல்லாமல் விட்டேன், அவன் தையல் பிரிக்க வந்தானா என்று. மன்னிப்புப் படலமாக மூன்று பக்கம் வேண்டாம். ஆறு வரி போதும்.

கடிதத்தோடு ஒரு புகைப்படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். கையுறையோடு நீங்கள் சிரிக்கிறீர்கள், பக்கத்தில் பையனின் முகமும் காலும் தெரிகின்றன. இன்ஸ்டாகிராமில் அன்றிரவே போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பிள்ளையின் காயத்தோடு இப்படி ஒரு படம் எடுத்துப் போடுவீர்களா? இன்றே நீக்கிவிடுங்கள்.

“ஒன்றுமே இல்லாததைவிட மேல்”

மறுநாள் நீங்கள் மறுத்தது கோழைத்தனம் இல்லை. அந்த மூன்று வாரத்தில் நீங்கள் எடுத்த மிகச் சரியான மருத்துவ முடிவு அது. மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும் குழந்தைக்கு, கண்ணின் உட்புறத்தையும் நரம்புக் குறிகளையும் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டால் மூச்சு நின்றுபோகலாம். பழகாத கை தடுமாறினால் நீரோடு ரத்தம் கலந்து வரும். அணுக்களின் எண்ணிக்கை குழம்பும். பாக்டீரியாவா வைரஸா என்று தெரியாமல் வைத்தியம் திசைமாறும். அதே காய்ச்சலும் வலிப்பும் மூளை மலேரியாவிலும் வரும். இத்தனையும் தெரிந்த ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் அங்கே இருந்தார்.

ஒருங்கிணைப்பாளர் சொன்ன ‘டாக்டரே கிடையாது’ என்பதில் பாதி உண்மை. தான்சானியாவில் மருத்துவர்கள் குறைவுதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அந்த நாடு பல பத்தாண்டுகளாகக் கிளினிக்கல் ஆபீசர்களை உருவாக்கி வைத்திருக்கிறது. மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர்கள். அதற்கு மேலும் பயிற்சி பெற்றவர்கள் மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்கூடச் செய்துவந்திருக்கிறார்கள். நீடில் ஹோல்டரை உங்கள் கையில் கொடுத்த மனிதர், உங்கள் வயதுக்குள் சில நூறு கால்களையாவது தைத்திருப்பார். நீங்கள் அங்கே இல்லாவிட்டால் பையன் தையலின்றிப் போயிருக்க மாட்டான், நன்றாகவே தைக்கப்பட்டிருப்பான். ஒன்றுமில்லாததோடு உங்களை ஒப்பிடச் சொன்னார்கள். ஒப்பிட வேண்டியது அவரோடு.

பிறகு ஏன் கொடுத்தார் என்று கேட்பீர்கள். மரியாதையாக இருக்கலாம். காசு கட்டி வந்த விருந்தாளிக்கு ஏதாவது ‘செய்யக் கொடுக்க’ வேண்டும் என்று ஏஜென்சி சொல்லி வைத்திருக்கலாம். உங்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்து உண்மையிலேயே டாக்டர் என்று நினைத்திருக்கலாம். நம் ஊர்ப் பெயரும் அங்கே மருத்துவத்தில் கொஞ்சம் செல்லுபடியாகிறது. எதுவானாலும், நீங்கள் வாயைத் திறக்காதவரை அவருக்குத் தெரிய வழியில்லை.

மொழி தெரியாமல் தனியே நோயாளியைப் பார்ப்பதில் இருக்கும் ஆபத்துக்கு ஒரே ஒரு உதாரணம். சுவாஹிலிக்காரர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒன்று; எட்டு மணி இரண்டு. ‘வலிப்பு இரண்டு மணிக்கு வந்தது’ என்று ஒரு தாய் சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வந்த வலிப்பு பிற்பகலுக்குப் போய்விடும். மாத்திரை நேரம் சொல்வதிலும் இதே கூத்துதான். புத்திசாலி மாணவர்களே முதல் வாரம் தடுமாறும் இடம் இது.

கையுறையைப் பற்றியும் யோசியுங்கள். அந்தப் பக்கத்து மருத்துவமனைகள் பலவற்றில் பிரசவத்துக்கு வரும் பெண் தனக்கான கையுறையையும் வாங்கிக்கொண்டே வருகிறாள். பழகிப் பார்க்க நாம் கிழித்துப் போடும் ஒவ்வொன்றுக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இப்படி வருகிறார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர் நம் அரசு மருத்துவமனைக்கு வந்து, இறங்கிய மறுநாளே உங்கள் தம்பியின் காலைத் தைத்து, தமிழில் ஒரு வார்த்தை பேசாமல், படம் எடுத்துக்கொண்டு போனால் உங்கள் அம்மா சும்மா இருப்பாரா? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-ல் தன் மாணவர்களுக்கு இதே விஷயத்தில் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. சொந்த நாட்டில் உன்னை அனுமதிக்காத எதையும் வெளிநாட்டில் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். உங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் முதுகுத் தண்டு நீர் எடுக்க விடுவார்களா? தையலை ஸ்கில்ஸ் லேபில் மாதிரித் தோலில் பழகுங்கள். இரண்டரை லட்சம் செலவில்லை.

விசாவும் பணமும்

விமான நிலையத்தில் ‘டூரிஸ்ட் என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் மருத்துவமனையில் வேலை செய்வது சுற்றுலா ஆகாது. தன்னார்வலர்களுக்கும் மாணவர்களுக்கும் தான்சானியாவில் சி வகை வசிப்பு அனுமதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. குறுகிய காலத்துக்கும் அதற்கேற்ற அனுமதி வாங்க வேண்டும். நோயாளியைத் தொட வேண்டுமென்றால் அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலின் ஒப்புதலும் தேவை. குடியேற்ற அதிகாரி அன்று வார்டுக்குள் வந்திருந்தால், அபராதமும் நாடு கடத்தலும் உங்கள் பெயரில்தான் வந்திருக்கும். சொல்லிக் கொடுத்தவர் பெயரில் இல்லை. திரும்பி வந்தாகிவிட்டது. இதற்காக இனி எங்கும் போய் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மறுபடி அப்படிப் போகாமல் இருந்தால் போதும்.

பணத்தைப் பற்றி: நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். முழுப் பணமும் வரும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். விமானம் ஏறினீர்கள், தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், அதெல்லாம் கழியும். ஆனால் தவறான விசா ஆலோசனை, ‘மூத்த மருத்துவர்களின் மேற்பார்வை’ என்று கையேட்டில் போட்டுவிட்டு அதைத் தராதது, அறிமுகப் பயிற்சி இல்லாதது ஆகிய மூன்றும் சேவைக் குறைபாடு என்று வாதாடத் தகுந்தவை. முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். அந்தக் கையேட்டின் பக்கங்களை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் இருப்பது நாளை மாறிவிடும்.

அப்பாவிடம் ஊசி விஷயத்தைச் சொல்லலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் ஆறு மாதம் தனியாகச் சுமக்காதீர்கள். அம்மா, அக்கா, ஒரு தோழி என்று யாராவது ஒருவருக்குத் தெரியட்டும். பரிசோதனைக்குக் கூட வரட்டும்.

ஜூனியர்கள்

கமிஷனுக்குப் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் எதையும் ஜூனியர் நம்ப மாட்டான். நம்பினால் அது இன்னும் மோசம். ஆனால் போகவே கூடாது என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். வேற்று நாட்டு வார்டில் மூன்று வாரம் நிற்பது பெரிய படிப்பு. ஸ்கேன் இல்லாத இடத்தில் ஒரு கிளினிக்கல் ஆபீசர் வெறும் கையையும் காதையும் வைத்து நோயைக் கண்டுபிடிப்பதைப் பார்ப்பதற்கு ஈடாக நம் கார்ப்பரேட் மருத்துவமனைகளில் எதுவும் இல்லை. முதல் நாளை எப்படிக் கழிப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

இறங்கிய மறுநாள் வார்டுக்குப் போகாதீர்கள், தூங்குங்கள். அதற்கு அடுத்த நாள் போனதும் முதலில் வார்டு சிஸ்டரைப் பாருங்கள். டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வயதில் மூத்தவர் என்றால் ‘ஷிகாமோ’ என்று வணக்கம் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். கையுறை எங்கே, பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி எங்கே, ஊசி குத்தினால் தடுப்பு மருந்து யாரிடம் இருக்கிறது, இரவில் அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியைப் பற்றிக் கேட்க மறக்க வேண்டாம். மருந்து இருந்தும் சாவி இல்லாத இரவுகளை நான் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். கழுத்தில் ‘மாணவர்’ என்று சுவாஹிலியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை தொங்கட்டும். ரவுண்ட்ஸில் பின்வரிசை. அன்றைக்குப் போடும் தையல் பூஜ்யம்.

ஏஜென்சியிடம் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை நான்கு: எந்த விசா, அதை யார் வாங்கித் தருவார்கள்; வார்டில் மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும்; நோயாளியைத் தொடலாமா, பார்வையாளர் மட்டுமா; ஊசி குத்தினால் 24 மணி நேரமும் தடுப்பு மருந்து கிடைக்குமா, கிடைக்காவிட்டால் முதல் சில நாட்களுக்கான மாத்திரையைக் கையோடு எடுத்துப் போக ஏற்பாடு உண்டா. இந்த நான்குக்கும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் கிளம்ப வேண்டாம். ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி ரிப்போர்ட் கையில் இல்லாத ஜூனியரையும் அனுப்பாதீர்கள்.

உங்கள் ஆறாவது வாரப் பரிசோதனைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அதற்கு முன் தேர்வு வருகிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்று தள்ளிப் போடாதீர்கள். நம்பிக்கை மையம் பொதுவாகப் புறநோயாளிகள் பிரிவு நடக்கும் நேரத்தில்தான் இயங்கும், காலையிலேயே போய்விடுங்கள்.